கிட்டப்பா தட்டும் கிட்டார் வாத்தியமும்

சென்னை மாநகரில் கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைந்து சூழ்ந்து, ஏறக்குறைய ஒரு தீவைப்போல் ஆக்கி வைத்திருக்கும் பகுதி சிந்தாதிரிப்பேட்டை. 1734-ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் துணி வாணிகத்துக்காக நெசவாளரைக் குடியேற்றிய ஊர் அது. சுங்குராமச் செட்டியாருக்கு உரியதாயிருந்த தோட்டத்தில் தறிகள் நாட்டப்பட்டன. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர். நான் அவ்வூரில் பிறந்தது 1950-இல். அதற்கு நெடுங்காலம் முன்பே தறிச்சத்தம் ஓய்ந்துவிட்டது. என் செவியில் முதன்முதல் விழுந்து நிலைத்த சத்தங்கள் இரண்டு. ஒன்று, பக்கத்துச் சந்தில் இருந்த அச்சு இயந்திரத்தின் சத்தம். மற்றொன்று, செங்கோட்டைக் கிட்டப்பாவின் குரல்.

என் தந்தையார் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். நாள் முழுவதும் ஈய எழுத்துக்களோடு போராடிய அவருக்கு வீட்டில் இருந்த ஒரே செல்வம், சாவி கொடுத்துச் சுழலவிடும் ஒரு கிராமபோன் பெட்டியும், தகரப் பெட்டியில் அடுக்கி வைத்த பதினான்கு தட்டுக்களுமே. அவற்றுள் ஒன்பது கிட்டப்பா; மூன்று சுந்தராம்பாள்; இரண்டு தியாகராஜ பாகவதர். சனிக்கிழமை இரவு உணவுக்குப்பின் பெட்டி திறக்கப்படும். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் எஃகு ஊசியைக் கழற்றிப் புதிய ஊசி மாட்டுவது என் பணி. பழைய ஊசியாலேயே பாடவிட்டால் தட்டு தேயும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊசிக்கும் காசு வேண்டுமே என்பதால் ஒரு வாரத்துக்கு நான்கு பக்கங்களுக்கு மேல் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எந்த நான்கு என்று அவர் தேர்ந்தெடுக்கும் முறை, கோயிலில் அர்ச்சனைக்குப் பூ தேர்ந்தெடுப்பது போலிருக்கும்.

இன்று பாட்டுக் கேட்பது தண்ணீர் குடிப்பதைவிட எளிதாகிவிட்டது. ஆகவே அந்தத் தட்டு எப்படி வந்தது என்பதை இளைஞர்களாகிய உங்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். 1902-ஆம் ஆண்டு நவம்பரில், பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்து, நம் நாட்டுப் பாடகர்களின் குரலைப் பதிவு செய்தார். கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி அப்போது ஒரு பெரிய குழலின் வாயருகே நின்று பாடி, பாட்டின் இறுதியில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்டது. அரக்கும் கல்தூளும் கலந்து செய்த அத்தட்டு, நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழலும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்குமேல் இடமில்லை. ஒரு இராகத்தை ஒரு மணி நேரம் பாடிப் பழகியவர்கள், அதன் சாரத்தை மூன்று நிமிடத்தில் பிழிந்து தரவேண்டியதாயிற்று. சங்கீத வித்துவான்களில் சிலர் இதற்கு இணங்கத் தயங்கினர். நாடக மேடைப் பாடகர்களோ மூன்று நிமிடத்தில் கொட்டகையைக் கவரும் வித்தையை முன்பே கற்றவர்கள். தட்டு அவர்களுக்கென்றே பிறந்ததுபோல் ஆயிற்று. எங்கள் பேட்டையிலிருந்து நடந்தே போகக்கூடிய மவுண்டு ரோடில் 1932-இல் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் முதலியோர் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் என்ற ஜெர்மானியக் கம்பெனியின் தட்டுக்களை விற்றனர். பிற்காலத்துப் பெரிய படநிலையம் ஒன்றின் வேர் அந்தத் தட்டுக் கடையில் இருக்கிறது.

இனி நாடக மேடைக்கு வருவோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். சிறுவர்களையே வைத்து நடத்திய இத்தகைய பால சபைகளிலிருந்து பின்னாளில் வந்த பெரும் நடிகர்கள் பலர். சோறும் உடையும் பாட்டும் அங்கே கிடைத்தன, பிரம்படியும் கிடைத்தது. அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வோர் இதைச் சொல்வதில்லை. நன்றாகப் பாடும் சிறுவனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை தலையில் வைத்துக் கொண்டாடிய கம்பெனியில் அவனுக்கு இன்று இடமில்லை. பி. யு. சின்னப்பா அவ்வாறு குரல் மாறியபின் தேகப்பயிற்சியிலும் சிலம்பத்திலும் ஈடுபட்டு, மறுபடி பாடிப் பழகித் திரும்பி வந்தவர். திரும்ப வழியில்லாமல் போனவர்களின் பெயர்கள் எந்தத் தட்டிலும் இல்லை. ஒரு பாடகனுக்கு முதுமை அறுபதில்தான் வரவேண்டும் என்பதில்லை. நாடகச் சிறுவர்களுக்கு அது பதினைந்திலேயே ஒரு முறை வந்து போயிற்று.

கிட்டப்பா 1906-இல் செங்கோட்டையில் பிறந்தவர். சிறு பிள்ளையாயிருக்கும்போதே மேடையேறி, கன்னையா கம்பெனியின் நாடகங்களால் பெரும்புகழ் பெற்றார். மேடைக்காட்சிகளின் பிரமாண்டத்துக்குப் பெயர்போன கம்பெனி அது. தசாவதாரம் நாடகத்தின் காட்சிகளை என் தந்தையார் கண்ணில் நீர் மல்க விவரிப்பார். அவர் வாலிபராக வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவர். அங்கே ஒலிபெருக்கி கிடையாது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தகரக் கூரை, ஆயிரக்கணக்கான மக்கள், சோடாக் கடைக்காரரின் கூவல், குழந்தைகளின் அழுகை ஆகிய இத்தனையையும் கடந்து, கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். ஆகவேதான் நாடகப் பாடகர்கள் அவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடினர். இன்று மேடையில் பாடும் ஆடவர் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிய சுருதியிலேயே பாடுகின்றனர். கிட்டப்பாவோ நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று பெண்களின் சுருதியில் பாடினார் எனக் கேட்டவர்கள் சொல்வர். அது வெறும் கூச்சலாக இருந்திருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அந்த உயரத்தில் நின்றுகொண்டு பிருகாக்களை மணி மணியாக உதிர்த்ததுதான் விந்தை. பாட்டு முடிந்ததும் கொட்டகை முழுவதும் "ஒன்ஸ்மோர்" என்று முழங்கும். இறந்து கிடக்கும் பாத்திரம் எழுந்து உட்கார்ந்து மறுபடி பாடிவிட்டு மறுபடி இறந்ததும் உண்டாம். கதை நிற்கும், பாட்டு நடக்கும்.

இலங்கையில் மேடையேறிய காலத்தில் கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் இணைந்தனர். இருவரும் சேர்ந்து நடித்த வள்ளி திருமணத்தைக் காண வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அந்த வாழ்வு நீடிக்கவில்லை. 1933 டிசம்பர் 2-ஆம் நாள், நோயுற்றிருந்த கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

இந்த இருபத்தேழு என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவேன்.

இருபத்தைந்து வயதில் தனித்து நின்ற சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டார். பின்னர் 1935-இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே ஆண்வேடம் தாங்கி நடித்தார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அப்படத்துக்காக அம்மையார் பெற்ற ஊதியம் இலட்ச ரூபாய். அந்நாளில் அது காதால் கேட்டறியாத தொகை. 1953-இல் ஒளவையாராகவும், 1964-இல் பூம்புகாரில் கவுந்தி அடிகளாகவும், மறு ஆண்டு திருவிளையாடலில் மீண்டும் ஒளவையாராகவும் அவர் திரையில் தோன்றியபோது, கொட்டகையில் பாட்டுக்காக அமைதி நிலவியதை நானே கண்டிருக்கிறேன். ஐம்பத்தேழு வயதில் அந்தக் குரல் அதே உயரத்தில் நின்றது. முதுமையைப் பாத்திரமாகவே ஏற்றுக்கொண்டு, குரலைமட்டும் முதுமைக்குக் கொடாமல் காத்த அம்மையாருக்கு 1969-ஆம் ஆண்டுத் துணைவன் படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது கிடைத்தது. 1980-இல் அவர் மறைந்தார்.

தியாகராஜ பாகவதரின் வரலாறு வேறு வகை. 1934-இல் பவளக்கொடி, 1937-இல் சிந்தாமணி, அம்பிகாபதி, பின்னர் திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி என்று ஒவ்வொரு படமும் அவரை உயர்த்திற்று. இளைஞர்கள் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டனர். என் தந்தையாரும் வைத்திருந்தார் என்பதற்கு ஒரு மங்கிய நிழற்படம் சான்றாக இருக்கிறது. 1944-இல் வெளியான ஹரிதாஸ், சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அப்படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதாநாயகர் சிறையில் இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்த பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டனையும் பெற்றனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டின் பயனாக வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர்.

இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான் இடைவெளி. ஆனால் வெளியே வந்த பாகவதர் கண்ட தமிழ்நாடு வேறாக இருந்தது. படத்தில் ஐம்பது பாட்டுக் கேட்ட மக்கள் இப்போது வசனம் கேட்க விரும்பினர். பின்னணிப் பாடல் வேரூன்றிவிட்டது. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்று ஆகிவிட்டபின், பாடத்தெரிந்த நடிகர் என்ற தகுதிக்கு விலை குறைந்தது. 1948-இல் வந்த ராஜமுக்தியும், 1952-இல் வந்த அமரகவியும் பழைய வெற்றியைத் தரவில்லை. குரல் கெட்டதா என்றால் இல்லை. அக்காலத் தட்டுக்களைக் கேட்டால் தெரியும். பாட்டு மாறவில்லை, கேட்பவர்களின் காது மாறிவிட்டது. நீரிழிவு நோய் அவர் உடலை வாட்ட, 1959 நவம்பர் 1-ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். நாற்பத்தொன்பது வயதே ஆகியிருந்தது. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டப்படவில்லை. எனக்கு ஒன்பது வயது. உறவினர் யாரோ இறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

இங்கே வானொலியைப்பற்றியும் ஒரு சொல் சொல்லாவிட்டால் நியாயமாகாது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாள் எழும்பூரில் தொடங்கிற்று. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அது ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். நம் இராகங்களின் நுண்ணிய சுரங்களையும் கமகத்தையும் அதன் கட்டைகள் தரமாட்டா என்பது காரணம். சங்கீத இலக்கணப்படி இக்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நாடக மேடை முழுவதும் ஆர்மோனியத்தின்மேல் நின்றிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். திரைமறைவில் பெடலை மிதித்துக்கொண்டு இராத்திரி முழுவதும் வாசித்தவர்களுக்கு வானொலியின் கதவு மூடிற்று. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. அதற்குள் அக்கலைஞர்களில் பலர் கைதளர்ந்து போயினர்.

1952-இல் மற்றொன்று நடந்தது. மத்திய அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி வானொலியிலிருந்து அதை விலக்கினார். மக்கள் விலகவில்லை, முள்ளைத் திருப்பினர். போர்க்காலத்தில் படைவீரர்களுக்கென நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலைக் கருவி இலங்கை வானொலிக்குக் கிடைத்திருந்தது. கொழும்பிலிருந்து எஸ். பி. மயில்வாகனனாரின் குரல் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் ஒலித்தது. 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

நான் கெட்டதும் இலங்கை வானொலியால்தான். அதன் ஆங்கில ஒலிபரப்பில் ஒரு நாள், பதினான்கு வயதில், பீட்டில்ஸ் என்ற நால்வரின் பாட்டைக் கேட்டேன். பொருள் பாதிகூட விளங்கவில்லை. ஆனால் உடம்பில் ஏதோ ஓடிற்று. ராக் இசை என்பது அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தங்கள் துயரைப் பாடிய இசையிலிருந்து கிளைத்தது. மின்சாரத்தால் ஒலிபெருக்கிய கிட்டாரும் முரசும் அதற்கு உயிர்நாடி. எல்விஸ் பிரெஸ்லி என்ற இளைஞர் இடுப்பை அசைத்துப் பாடியது ஆபாசம் என்று அந்நாட்டுப் பெரியோர் கூச்சலிட்டதால், 1957 ஜனவரியில் தொலைக்காட்சியில் அவரை இடுப்புக்கு மேல்மட்டுமே காட்டினார்கள். எங்கள் வீட்டில் அப்பா ரேடியோவையே நிறுத்தினார்.

"என்னடா இது, கசாப்புக் கடையில் கத்துகிற மாதிரி? இதற்குப் பேர் பாட்டா?"

"உங்கள் கிட்டப்பாவும் கத்தத்தானே செய்கிறார், அப்பா!"

அவர் பதில் சொல்லவில்லை. தம் இளமையில் நாடகம் பார்த்துவிட்டு விடியற்காலை வீடு திரும்பியபோது, கூத்தாடிகளோடு சேர்ந்து குலம் கெட்டான் என்று பாட்டனார் தூணில் கட்டிவைத்து அடித்த கதையை அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அதை அப்போது நான் நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருக்கலாம்.

1968-இல் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வாண்டுத் தொடக்கத்தில் பீட்டில்ஸ் நால்வரும் ரிஷிகேசத்துக்கு வந்து தங்கிய செய்தி பத்திரிகைகளில் வந்திருந்தது. அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் பண்டித ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர். அவர்கள் நம் வாத்தியத்தை நாடி வருகிறார்கள். எனக்கோ அவர்கள் வாத்தியத்தின்மேல் பித்து. மவுண்டு ரோடில் மியூசி மியூசிக்கல் கடையின் கண்ணாடிக்கு அப்பால் கிட்டார்கள் தொங்கும். 1842-இல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கிய, பியானோவும் வயலினும் விற்ற பழம்பெரும் கடை அது. உள்ளே போக எனக்குத் துணிவில்லை, காசும் இல்லை. கடைசியில் மூர் மார்க்கெட்டில் கழுத்தில் விரிசல் கண்ட பழைய கிட்டார் ஒன்று கண்ணில் பட்டது. கேட்ட விலையில் பாதிதான் கையில் இருந்தது.

மீதிக்கு நான் செய்த காரியத்தை இதுவரை வெளியில் சொன்னதில்லை. அப்பா வேலைக்குப் போயிருந்தபோது, தகரப் பெட்டியிலிருந்த பதினான்கு தட்டுக்களையும் துணிப்பையில் இட்டு எடுத்துச் சென்று, அதே மார்க்கெட்டில் ஒரு பழந்தட்டு வியாபாரியிடம் விற்றேன். கிராமபோனின் வில் அறுந்து ஓராண்டாக அது பாடாமலே கிடந்தது. பாடாத தட்டு இருந்தென்ன, போனாலென்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை இரவு அப்பா பெட்டியைத் திறந்தார். பாடாத தட்டுக்களையும் அவர் வாரந்தோறும் எடுத்துத் துடைத்துவைப்பார் என்பது எனக்குத் தெரியாது. என்னையும், மூலையில் சாத்தியிருந்த கிட்டாரையும் பார்த்தார். பெட்டியை மூடினார்.

"அந்தக் கீறல் விழுந்த தட்டும் போயிற்றா?" என்றுமட்டும் கேட்டார்.

"போயிற்று, அப்பா."

அதன்பின் அதைப்பற்றி அவர் பேசவேயில்லை. மறுநாள் ஓடிப்போய்த் தேடினேன். வியாபாரி எல்லாவற்றையும் விற்றுவிட்டிருந்தார். பல ஆண்டுகள் மூர் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் தட்டுக் குவியல்களைப் புரட்டுவேன். வேறு கிட்டப்பா தட்டுக்கள் கிடைத்தன; வாங்கியும் கொடுத்தேன். அப்பா நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார். 1985 மே மாத இறுதியில் அந்த மார்க்கெட்டே தீக்கிரையாயிற்று. அரக்குத் தட்டுக்கள் எப்படி எரிந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

கிட்டார் எனக்கு வரவில்லை. விரல் நுனி புண்ணானதுதான் மிச்சம். ஆனால் சென்னையில் அது வந்தவர்களுக்கு வந்தது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்ற ஓர் இளைஞர், கிட்டார் வாத்தியத்தில் இலண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வெழுதித் தேறி, 1976-இல் அன்னக்கிளியால் நாடறிந்த இளையராஜாவானார். 1969-இல் மவுண்டு ரோடு சபையர் அரங்கின் கீழ்த்தளத்தில் நைன் ஜெம்ஸ் என்ற இரவு விடுதியில், காஞ்சிபுரப் புடவையும் பெரிய பொட்டுமாக நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினார் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓர் இளம்பெண். அவர்தான் உஷா உதுப். சபையர் அரங்கு இன்று இல்லை. அம்மையார் அதே புடவைக் கோலத்தில் எழுபது வயதுக்கு மேலும் மேடையேறினார். 2024-இல் பத்ம பூஷண் பட்டம் பெற்றார்.

இனி, இருபத்தேழு என்ற எண்ணுக்கு வருகிறேன். 1970-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற ஒப்பற்ற கிட்டார்க் கலைஞரும், ஜானிஸ் ஜாப்ளின் என்ற பாடகியும், 1971-இல் ஜிம் மாரிசன் என்ற பாடகரும் மறைந்தனர். மூவருக்கும் வயது இருபத்தேழு. மேனாட்டு ரசிகர்கள் இதை விதியின் விளையாட்டாகப் பேசி, அந்த எண்ணுக்கே ஒரு மாயத்தை ஏற்றிவிட்டார்கள். அதைப் படித்தபோதுதான் செங்கோட்டையில் 1933-இல் அணைந்த விளக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இளமையில் இறந்தவர்கள் ரசிகர்களின் மனத்தில் இளமையாகவே நின்றுவிடுகிறார்கள். எஞ்சியிருப்பவர்களின் பாடு வேறு. பீட்டில்ஸ் குழு 1970-இல் பிரிந்தது. ஜான் லெனன் 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹாரிசன் 2001-இல் நோயால் மறைந்தார். 1942-இல் பிறந்த பால் மெக்கார்ட்னி எண்பது வயதைக் கடந்தும் மேடையேறினார். 1962-இல் தோன்றிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் முரசு வாசித்த சார்லி வாட்ஸ் 2021-இல் எண்பதாம் வயதில் இறந்தார்; அதன் பாடகர் மிக் ஜாகர், எண்பது வயதில், 2024-இல் அமெரிக்கா முழுவதும் சுற்றிப் பாடினார். முதுமையில் பாட்டின் சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கொள்வதும், எட்டாத இடத்தைக் கூட்டத்தாரே பாடட்டும் என்று விட்டுவிடுவதும் ராக் பாடகர்களிடம் உண்டு. ஒலிபெருக்கி இருப்பதால் அது இயலுகிறது. கொட்டகையின் கடைசி வரிசைக்குக் குரலால் எட்டவேண்டிய நாடகப் பாடகருக்கு அந்தச் சலுகை இருந்ததில்லை. ஒலிபெருக்கி வந்தபோது மேடைக்குரலின் தேவை போயிற்று. ராக் இசையோ ஒலிபெருக்கியின் வயிற்றிலேயே பிறந்தது. ஒரே கருவி ஒன்றை அழித்து மற்றொன்றைப் பெற்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்துப் பாட்டே பாட்டு என்று முதியோர் சொல்லும்போது நீங்கள் சிரிக்கலாம்; சிரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. கிட்டப்பா காலத்தில் வந்த தட்டுக்களெல்லாம் கிட்டப்பாவின் தட்டுக்களா என்ன? கேட்கச் சகியாதவை எத்தனையோ வந்தன. அவை உடைந்தும் தேய்ந்தும் மறக்கப்பட்டும் போயின. நல்லவை கைக்குக் கை மாறி நின்றன. என் காலத்து ராக் இசையிலும் பாதிக்குமேல் வெற்று இரைச்சல் என்பதை, அதன் பித்தனான நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தந்தையார் சனிக்கிழமை இரவுகளில் கேட்டது பாட்டைமட்டும் அன்று என்பதை அறிய எனக்கு ஐம்பது ஆண்டு ஆயிற்று. ஒற்றைவாடைக் கொட்டகையின் தரையும், தூணில் கட்டி வாங்கிய அடியும், பதினெட்டு வயதும் அந்த மூன்று நிமிடத்துக்குள் இருந்தன.

இப்போது என் பேரன் கைப்பேசியில் நொடிப்பொழுதில் எதையும் கொண்டுவந்து தருகிறான். பீட்டில்ஸைக் கேட்டால், "தாத்தா, இது ரொம்பப் பழசு" என்கிறான். சென்ற மாதம் கிட்டப்பாவைத் தேடித் தரச் சொன்னேன். ஒன்றல்ல, பல பாட்டுக்கள் வந்தன. நான் விற்ற தட்டில் இருந்த பாட்டும் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் தம்மிடமிருந்த நல்ல தட்டிலிருந்து எடுத்து, இரைச்சலையும் நீக்கிக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் தட்டில் ஒரு கீறல் இருந்தது. கிட்டப்பா மேல் சட்சத்துக்கு ஏறும் இடத்தில் ஊசி அதில் இடறிப் பின்னுக்குப் போகும், அவர் மறுபடியும் ஏறுவார், மறுபடியும் இடறும். இரண்டு முறை விட்டுவிட்டு, மூன்றாம் முறை அப்பா சுட்டுவிரலால் ஊசிக்கையை மெல்லத் தட்டுவார். அவர் உடனே ஏன் தட்டுவதில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியதில்லை. கைப்பேசியில் கிட்டப்பா இடறாமல் ஒரே மூச்சில் மேலே போய்விட்டார். நான் விரலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். "என்ன தாத்தா, நிறுத்தணுமா?" என்று பேரன் கேட்டான். வேண்டாம், இன்னொரு தரம் போடு என்றேன்.